சூடானதும் ஐடிலிங்ல ஆயில் லைட் மினுக்குது, சென்சாரா எஞ்சினா?

சாலைக்காதலன்:

வணக்கம் எல்லாருக்கும். என்னோடது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், நிறைய ஓடுன வண்டி, ஆனா இதுவரைக்கும் எஞ்சினைப் பிரிக்கிற நிலைமை வந்ததே இல்ல. இப்ப பிரச்சினை என்னன்னா, காலையில ஸ்டார்ட் பண்ணா சிவப்பு ஆயில் லைட் உடனே அணைஞ்சிடுது, ஒரு குறையும் இல்ல, நல்லா ஓட்டி எஞ்சின் முழுசா சூடானப்புறம் சிக்னல்ல ஐடிலிங்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடும்போது) நிக்கும்போது மட்டும் மினுக் மினுக்குனு அடிக்க ஆரம்பிக்குது, ஆக்சிலேட்டர்ல லேசா கால் வச்சாலே அணைஞ்சிடும். டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தேன், ஆயில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்குது, அளவுல குறை இல்ல. எஞ்சின்ல புதுசா சத்தம் எதுவும் கேக்கல.

வழக்கமா பாக்குற மெக்கானிக் ‘ஆயில் சென்சார் போயிருக்கும், மாத்திடலாம்’னு சொல்றார். கூட வேலை பாக்குறவர் ‘அதெல்லாம் பேரிங் தேஞ்சதுக்கு அறிகுறி, எஞ்சினை இறக்கித்தான் ஆகணும்’னு அடிச்சுச் சொல்றார். ரெண்டுல எது உண்மைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த சென்சாருக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? ஸ்பானர் பிடிக்கத் தெரியும், பிளக், ஆயில் ஃபில்டர் எல்லாம் நானே மாத்துவேன், இதையும் நானே மாத்தலாமா? அதுவரைக்கும் வண்டியை எடுக்கலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கியர்5:

பெரும்பாலும் சென்சார்தான் ப்ரோ. சின்ன பார்ட், விலையும் பெருசா இருக்காது. மாத்திப் பாருங்க, லைட் நின்னுட்டா வேலை முடிஞ்சுது, நிக்கலன்னா அப்புறம் எஞ்சினைப் பாத்துக்கலாம்.

ரெஞ்சுக்கை:

கியர்5 தம்பி சொல்ற வழியில ஒரு ஆபத்து இருக்கு, அதை முதல்ல சொல்லிடுறேன். லைட் அணைஞ்சா பிரஷர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலான வண்டியில அந்த லைட்டை எரிய வைக்கிறது வெறும் ஸ்விட்ச் (இதைத்தான் எல்லாரும் சென்சார்னு சொல்றோம்), அது சுமார் 0.3 லேருந்து 0.5 பார் (பார்ங்கிறது அழுத்தத்தை அளக்குற அலகு) பிரஷர்லயே திறந்து லைட்டை அணைச்சுடும். அதாவது லைட் அணைஞ்சிருந்தா ‘ஸ்விட்ச் திறக்கிற அந்த அளவுக்கு மேல ஏதோ இருக்கு’ங்கிறதுதான் தகவல், அவ்வளவுதான். உங்க எஞ்சின்ல சூடான ஐடிலிங்ல பிரஷர் உண்மையிலேயே 0.5 கிட்ட இறங்கியிருந்து, நீங்க போடுற புது ஸ்விட்ச் 0.3ல திறக்கிற ஸ்விட்சா இருந்துட்டா லைட் நின்னுடும், எஞ்சின் தேய்மானம் நிக்காது. சந்தோஷமா ஓட்டிட்டே இருப்பீங்க, ஒருநாள் ராடு அடிச்சு நிக்கும். அதனால அளக்காம பார்ட் மாத்தாதீங்க.

சாலைக்காதலன், உள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்க. ஸ்விட்ச் வகைன்னா உள்ள மெல்லிசா ஒரு டயஃப்ரம் (சவ்வு மாதிரி), அதுக்குப் பின்னாடி ஸ்பிரிங், ஒரு ஜோடி காண்டாக்ட். எஞ்சின் நிக்கும்போது ஸ்பிரிங் காண்டாக்டைச் சேத்துப் பிடிச்சிருக்கும், வயர் ஸ்விட்ச் பாடி வழியா எஞ்சின் பிளாக்ல எர்த் ஆகும், லைட் எரியும். ஆயில் வந்து டயஃப்ரமைத் தள்ளுனா காண்டாக்ட் பிரியும், லைட் அணையும். வருஷக்கணக்கா சூட்டுலயும் அதிர்வுலயும் கிடந்து டயஃப்ரம் விறைச்சுப் போகலாம், கிழியலாம், காண்டாக்ட்ல ஆயில் ஏறிக் கருகலாம். விறைச்சுப் போன டயஃப்ரம் 0.4ல தள்ள வேண்டிய இடத்துல 1 பார் வந்தாத்தான் தள்ளும், அப்பதான் நீங்க சொல்ற மாதிரி சூடான ஐடிலிங்ல மினுக்கும். அதனால உங்க மெக்கானிக் சொல்றதும் நடக்கக்கூடியதுதான்.

உங்க கூட வேலை பாக்குற நண்பர் சொல்றதும் நடக்கக்கூடியதுதான், அதையும் சொல்லிடுறேன். ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குறது இல்ல, ஓட்டத்தைத்தான் உண்டாக்குது. தோட்டத்துக் குழாய் வாயை விரலால அடைச்சாத்தான் தண்ணி பீய்ச்சும், விரலை எடுத்துட்டா சும்மா வழியும், அதே கதைதான். இங்க விரல் மாதிரி வேலை செய்யுறது கிராங்க் பேரிங்ல இருக்குற மெல்லிய இடைவெளி. பேரிங் தேஞ்சு இடைவெளி கூடுனா ஆயில் சுலபமா வழிஞ்சு ஓடிடும், பிரஷர் நிக்காது. குளிர்ல ஆயில் கெட்டியா இருக்குறதால தெரியாது, சூடாகி இளகி, பம்பும் மெதுவா சுத்துற ஐடிலிங்லதான் முதல்ல காட்டிக் கொடுக்கும். பாத்தீங்களா, ரெண்டு நோய்க்கும் அறிகுறி ஒண்ணேதான். மினுக்குறதை மட்டும் வச்சுக்கிட்டு நானும் சொல்ல முடியாது, அவங்க ரெண்டு பேராலயும் சொல்ல முடியாது.

அளக்க வழி இருக்கு. மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ்னு கிடைக்கும், ஒரு டயல், ஒரு ஹோஸ், கூட நாலஞ்சு சைஸ் அடாப்டர். சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில கேஜைப் பூட்டி, வண்டியை நல்லா சூடாக்கி (ரேடியேட்டர் ஃபேன் ஒருதடவை ஓடி நிக்கிற வரைக்கும் விடுங்க) ஐடிலிங்ல எவ்வளவு, 2000 ஆர்பிஎம்ல எவ்வளவுன்னு பாக்கணும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், உங்க சர்வீஸ் மேனுவல்ல இருக்குறதுதான் கணக்கு. பொதுவா சூடான ஐடிலிங்ல 1 பார் சுத்தி, 2000ல 2 லேருந்து 3 பாருக்கு மேல இருந்தா பயப்பட வேண்டாம்.

டி பைப் அடாப்டர் கிடைச்சா இன்னும் நல்லது. ஒரு வாய்ல கேஜ், இன்னொரு வாய்ல உங்க பழைய சென்சார், ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே பிரஷரைப் பாக்கும். லைட் மினுக்குற அந்த நொடியில முள் எங்க நிக்குதுன்னு பாருங்க, அதுக்கு மேல ஆராய்ச்சி தேவைப்படாது. ஒரு எச்சரிக்கை, பிளாஸ்டிக் டியூப் கேஜா இருந்தா டியூப் எக்ஸாஸ்ட் பக்கம் படாம கட்டி வைங்க, சூட்டுல ஓட்டையானா எஞ்சின் ஆயில் முழுக்க எக்ஸாஸ்ட் மேல அடிக்கும், தீப்பிடிக்கும். கேஜோட வண்டியை ரோட்டுல எடுக்காதீங்க.

அதுவரைக்கும் ஓட்டலாமான்னா, வேணாம். அளந்து பாக்குற வரைக்கும் நிறுத்தி வைங்க. லைட் நிரந்தரமா எரிஞ்சா அந்த இடத்துலயே எஞ்சினை ஆஃப் பண்ணணும், ‘வீடு வரைக்கும் போயிடலாம்’ங்கிற நெனப்பே வேணாம்.

மின்கம்பி:

ரெஞ்சுக்கை அண்ணன் சொன்னதுக்கு மேல வயரிங் பக்கம் மட்டும் சொல்றேன். ஒத்தை வயர் ஸ்விட்ச்னா கேஜ் வாங்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு பாத்துடலாம். சாவியை ஆன்ல வைங்க, எஞ்சின் ஸ்டார்ட் பண்ண வேணாம், லைட் எரியணும். இப்ப கனெக்டரைப் புடுங்குங்க, லைட் அணையணும். அணையலன்னா வயர் எங்கயோ உரசி பாடியில எர்த் ஆகுதுன்னு அர்த்தம், சென்சார் மேல பழி போட வேணாம். அணைஞ்சா அந்த வயர் நுனியை எஞ்சின் மெட்டல்ல தொடுங்க, மறுபடி எரியணும், எரிஞ்சா வயர் நல்லா இருக்கு. எல்லா வண்டியும் இப்படி இருக்காது, சிலதுல பிரஷர் வந்தாத்தான் காண்டாக்ட் சேருற எதிர் வகை ஸ்விட்ச் உண்டு, சிலதுல குறைஞ்ச பிரஷருக்கு ஒண்ணு அதிக பிரஷருக்கு ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும், அதனால வயரிங் படத்தை ஒருதடவை பாத்துக்குங்க. ரெண்டு மூணு வயர் போற சென்சாரா இருந்தா எதையும் எர்த்ல தொட்டுப் பாக்காதீங்க, இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) அடிவாங்கும்.

கனெக்டரைப் புடுங்கும்போது உள்ள ஆயில் ஈரம் இருக்கான்னு பாருங்க, இது முக்கியம். கனெக்டர் உள்பக்கம் காய்ஞ்சு இருக்க வேண்டிய இடம். அங்க ஆயில் நின்னா டயஃப்ரம் கிழிஞ்சு உள்ளேருந்து ஆயில் மேல ஏறியிருக்கு, அந்த சென்சாரை எப்படியும் மாத்தித்தான் ஆகணும், பிரஷர் எவ்வளவு இருந்தாலும் சரி.

பயணி77:

குறுக்க வரேன் மன்னிக்கணும், கிட்டத்தட்ட இதே விஷயம்தான். என் வண்டியில டேஷ்ல முள் வச்ச ஆயில் கேஜ் இருக்கு, திடீர்னு சைபருக்கு விழுந்துடுது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஏறி சாதாரணமா நிக்குது. ஸ்கேனர்ல பி0522ன்னு ஃபால்ட் கோட் வருது. எஞ்சின் சத்தம் மாறல. சென்சார்ல மூணு வயர். இதுக்கும் மெக்கானிக்கல் கேஜ்தான் போடணுமா?

மின்கம்பி:

பயணி77, உங்களோடது ஸ்விட்ச் இல்ல, உண்மையான சென்சார். மூணு வயர்ல ஒண்ணு 5 வோல்ட் சப்ளை, ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். பிரஷருக்குத் தகுந்த மாதிரி சிக்னல் வயர்ல பொதுவா 0.5லேருந்து 4.5 வோல்ட் வரைக்கும் ஏறி இறங்கும். சைபர் பிரஷர்லயே 0.5 ஏன் வச்சிருக்காங்கன்னா, 0.5க்கும் கீழ போனா ‘பிரஷர் இல்ல’ன்னு எடுத்துக்காம ‘வயர் போச்சு’ன்னு இசியு புரிஞ்சுக்கறதுக்காகத்தான். பி0522 அதைத்தான் சொல்லுது, சிக்னல் வோல்டேஜ் ரொம்ப கம்மி. வோல்டேஜ் ரொம்ப அதிகம்னா பி0523. உண்மையிலேயே ஆயில் பிரஷர் இறங்கிடுச்சுன்னா அதுக்கு பி0524னு தனி கோட் இருக்கு, அது வந்தா வண்டியை ஓரங்கட்டிட்டுத்தான் மறுவேலை.

கனெக்டரைக் கழட்டி சாவி ஆன்ல மல்டிமீட்டரை வச்சு 5 வோல்ட் வருதா, எர்த் நல்லா இருக்கான்னு பாருங்க. ரெண்டும் சரின்னா கனெக்டரைத் திரும்பப் போட்டு, பின்பக்கமா மெல்லிய பின் விட்டு சிக்னல் வயரைப் பாருங்க, எஞ்சின் ஓடும்போது வயரை லேசா ஆட்டுங்க. ஆட்டும்போது வோல்டேஜ் விழுந்தா கனெக்டர் பின் தளர்ந்திருக்கு, இல்லன்னா வயர் உள்ள ஒடிஞ்சிருக்கு. விட்டு விட்டு வருதுன்னு நீங்க சொல்றதால எனக்கு முதல் சந்தேகம் வயர் மேலதான், சென்சார் மேல இல்ல. ஆனா முள் சைபர்ல நிக்கும்போது ‘இது வயர்தான்’னு நெனச்சு ஓட்டிட்டுப் போகாதீங்க, மெக்கானிக்கல் கேஜ்ல ஒருதடவை பிரஷரை உறுதி பண்ணிட்டா நிம்மதி.

ரெஞ்சுக்கை:

பயணி77 இன்னொண்ணும் கவனிங்க, சில எஞ்சின்கள்ல சென்சாருக்கு அடியில விரல் நுனி அளவு வலை ஒண்ணு இருக்கும், கசடு அடைச்சுட்டா சென்சாருக்குப் பிரஷர் போய்ச் சேராது, முள் தப்பா காட்டும். சென்சாரைக் கழட்டுனா அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. புது வண்டிகள்ல இசியுவே பம்போட அழுத்தத்தைத் தேவைக்கு ஏத்தபடி கூட்டிக் குறைக்கிற ஏற்பாடும் வந்திருக்கு, அதுல முள் ஏறி இறங்குறதே இயல்புதான், மேனுவல்ல பாத்துக்குங்க.

சாலைக்காதலன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேஜும் டி அடாப்டரும் கடனா கிடைச்சுது, போட்டுப் பாத்துட்டேன். வண்டி நல்லா சூடானப்புறம் ஐடிலிங்ல 1.3 பார், 2000ல 3.2 பார். மேனுவல்ல ஐடிலிங்குக்குக் குறைஞ்சபட்சம் 0.8னு போட்டிருக்கு. லைட் மினுக்குற நேரத்துல முள் 1.3லயே லேசா துடிச்சுக்கிட்டு நிக்குது, கீழ இறங்கவே இல்ல! எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு சாவியை உடனே திரும்ப ஆன்ல வச்சுப் பாத்தேன், முள் மெதுவா கீழ இறங்குது, 1.2 கிட்ட வரும்போதே லைட் பளிச்சுனு எரிஞ்சுடுச்சு. கனெக்டருக்குள்ள ஆயிலும் பளபளன்னு நிக்குது, மின்கம்பி சொன்ன மாதிரியே.

அப்ப சென்சார்தான்னு முடிவு பண்ணலாமா? மாத்துறப்ப என்னென்ன கவனிக்கணும்? என்னோடது ஒத்தை வயர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்துல, பிளாக்ல இருக்கு, கை போற இடம்தான்.

ரெஞ்சுக்கை:

அருமையா அளந்திருக்கீங்க தம்பி. 1.2லயே எரியிற ஸ்விட்ச் கெட்டுப் போன ஸ்விட்ச்தான், எஞ்சின் நல்லா இருக்கு, நிம்மதியா தூங்குங்க. நண்பர்கிட்டயும் அந்த நம்பரைக் காட்டுங்க.

மாத்துற வேலை சின்னது, ஆனா மரையில மட்டும் அவசரப்படாதீங்க. ஆயில் சென்சார்கள்ல மூணு நாலு வகை மரை புழக்கத்துல இருக்கு, எம்10 நேர் மரை ஒண்ணு, கூம்பு மரையில 1/8 என்பிடி (அமெரிக்க அளவு), 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவு). இந்த என்பிடியும் பிஎஸ்பிடியும் கண்ணுக்கு ஒண்ணு போலவே இருக்கும், ஆனா ஒரு அங்குலத்துக்கு என்பிடில 27 மரை, பிஎஸ்பிடில 28 மரை, மரையோட கோணமும் வேற. கையால ரெண்டு சுத்து சுகமா போகும், அப்புறம் இறுகும், ‘டைட்டா இருக்கு போல’ன்னு ஸ்பானர் போட்டு முறுக்குனா அலுமினியம் ஹவுசிங்ல மரை போயிடும், சில நேரம் ஹவுசிங்கே விரிஞ்சிடும். அதனால பார்ட் நம்பரை வண்டியோட சேஸிஸ் நம்பரோட ஒத்துப் பாத்து வாங்குங்க, பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு மரை, நீளம், கனெக்டர் மூணையும் பாருங்க. ஸ்விட்ச் மேல எத்தனை பார்ல திறக்கும்னு பொறிச்சிருந்தா அதுவும் பழசோட ஒத்துப் போகணும்.

எஞ்சின் ஆறட்டும், சூட்டுல ஆயில் கையில பட்டா தோல் உரியும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. சென்சாரைச் சுத்தி இருக்குற மண்ணு கசடு எல்லாத்தையும் பிரஷ்ஷால தட்டி பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க, இதைப் பலபேர் செய்யறதே இல்ல, கழட்டுன உடனே அந்த மண்ணு நேரா ஆயில் கேலரிக்குள்ளதான் (எஞ்சினுக்குள்ள ஆயில் ஓடுற வழி) விழும், அங்கேருந்து நேரா பேரிங்குக்குப் போகும், நடுவுல ஃபில்டர் கிடையாது. கனெக்டர்ல பூட்டு மாதிரி ஒரு நாக்கு இருக்கும், சூட்டுல காய்ஞ்சு போன பிளாஸ்டிக், அழுத்தி விடுவிச்சு கனெக்டர் உடம்பைப் பிடிச்சு இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. சென்சார் தலை உசரமா இருக்குறதால லாங் சாக்கெட்தான் சரியா உக்காரும், 24 இல்லன்னா 27 சாக்கெட் பல வண்டிக்கு ஒத்துவரும், ஓப்பன் ஸ்பானர் போட்டா தகர உடம்பு நசுங்கி வழுக்கும். அடியில துணி வைங்க, கொஞ்சம் ஆயில் வழியும்.

டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த் கிடைக்கிறதே மரை வழியாத்தான், டேப் அதைக் கெடுக்கலாம், நைஞ்ச டேப் துண்டு ஆயில் வழியில போய் அடைக்கவும் செய்யும். கூம்பு மரைன்னா பெரும்பாலும் புது சென்சார்ல சீலன்ட் பூசியே வரும், வரலன்னா ஆயிலுக்கு உகந்த திரவ சீலன்ட் முதல் ரெண்டு மரையை விட்டுட்டுக் கொஞ்சமா தடவுங்க. நேர் மரைன்னா காப்பர் வாசரோ ஓ ரிங்கோதான் ஆயிலை நிறுத்தும், பழைய வாசர் பிளாக்ல ஒட்டிக்கிட்டு இருந்தா எடுத்துடுங்க, ரெண்டு வாசர் மேல ஒண்ணா உக்காந்தா ஒழுகும். கையாலேயே முழுசா மரை ஏத்திட்டு அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குற ரெஞ்ச்), மேனுவல் அளவு பாருங்க, பல வண்டிக்கு 12 லேருந்து 20 நியூட்டன் மீட்டருக்குள்ளதான் இருக்கும், அது உங்க கைக்கு ‘இவ்வளவுதானா’ன்னு தோணும். அவ்வளவுதான்.

கியர்5:

ரெஞ்சுக்கை அண்ணா, டி அடாப்டர் வச்சுப் பாக்குறது எனக்குத் தெரியாத விஷயம், குறிச்சு வச்சுக்கிட்டேன். ஒரு சந்தேகம், ஒருவேளை கேஜ்ல பிரஷர் கம்மியா காட்டியிருந்தா நேரா எஞ்சினை இறக்க வேண்டியதுதானா?

ரெஞ்சுக்கை:

இல்ல தம்பி, எஞ்சினை இறக்குறது கடைசி. முதல்ல டிப்ஸ்டிக்கை மோந்து பாக்கணும், பெட்ரோல் வாடை அடிச்சா எரியாத பெட்ரோல் ஆயில்ல கலந்து இளகியிருக்கு. அப்புறம் என்ன கிரேடு ஊத்தியிருக்குன்னு பாக்கணும், 5டபிள்யூ-30 கேக்குற எஞ்சின்ல அதைவிட இளகுன ஆயிலை ஊத்தியிருந்தாலே சூட்டுல பிரஷர் இறங்கும். ஆயிலையும் ஃபில்டரையும் சரியானதா மாத்திட்டு மறுபடி அளக்கணும். அப்பவும் கம்மின்னா ஆயில் சம்பை (எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) கழட்டி, பம்ப் ஆயிலை உறிஞ்சுற சல்லடையைப் பாக்கணும், கசடு அடைச்சிருக்கும், இல்லன்னா யாரோ சம்ப் ஒட்டும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசி, பிதுங்குன துண்டு உடைஞ்சு போய் சல்லடை வாய்ல உக்காந்திருக்கும். அடுத்து பம்ப்ல இருக்குற ரிலீஃப் வால்வ் (பிரஷர் மிஞ்சினா திறந்து விடுறது), அது திறந்தபடியே சிக்கிக்கிட்டா ஆயில் திரும்ப சம்புக்கே ஓடிடும். அதுக்கப்புறம் பம்ப். இதெல்லாம் சுத்தமா இருந்தாத்தான் பேரிங்.

சாலைக்காதலன்:

மாத்திட்டேன். சாவி ஆன் பண்ணா லைட் எரியுது, ஸ்டார்ட் ஆன உடனே அணையுது, நல்லா சூடாக்கி ரொம்ப நேரம் ஐடிலிங்ல விட்டும் மினுக்கல. சென்சார் அடியில வெள்ளைத் துணி வச்சுத் துடைச்சுப் பாத்தேன், ஈரம் இல்ல. ஒரே ஒரு கவலை, பழைய கனெக்டர்ல இருந்த ஆயிலைத் துடைச்சுட்டேன், ஆனா மறுநாள் பாத்தா பின் மேல மறுபடி லேசா பளபளப்பு. புது சென்சாரும் ஒழுகுதா?

மின்கம்பி:

புது சென்சார் ஒழுகல, பெரும்பாலும் வயருக்குள்ள இருக்குற பழைய ஆயில்தான். பழைய சென்சார் பிரஷரோட தள்ளுன ஆயில் வயர் உறைக்கும் கம்பி இழைக்கும் நடுவுல ஏறிப் போயிருக்கும், அது கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும். இது ரொம்ப தூரம் போனா இசியு கனெக்டர் வரைக்கும்கூடப் போயிடும், அதனால அலட்சியம் வேணாம். அந்த வயர் அடுத்ததா எந்த கனெக்டர்ல சேருதோ அதைக் கழட்டி உள்ள ஆயில் ஈரம் இருக்கான்னு பாருங்க. அங்க காய்ஞ்சு இருந்தா இந்தப் பக்கம் காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, உலரவிட்டுப் போட்டுட்டு, அடுத்த ஆயில் சர்வீஸ்ல ஒருதடவை திறந்து பாருங்க. அங்கயும் ஆயில் இருந்தா நடுவுல இருக்குற அந்தத் துண்டு வயரை கனெக்டரோட சேத்து மாத்திடுங்க, புது வயரை ஒட்டுற இடத்துல சால்டர் பண்ணி மேல பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி இறுகுற டியூப்) போடுங்க. சென்சார் மேலயே சந்தேகம் இருந்தா கனெக்டரைக் கழட்டி சென்சார் பின்னை மட்டும் துடைச்சு, கனெக்டர் போடாம எஞ்சினை ஐடிலிங்ல ஓட விட்டு, பின் அடியில ஆயில் ஊறுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒத்தை வயர் ஸ்விட்ச்ங்கிறதால அந்த நேரம் லைட் எரியாது, அதனால ரொம்ப நேரம் ஓட்டாம பாத்துட்டு உடனே கனெக்டரை மாட்டிடுங்க.